அஷ்ரப்பும் சமாதானப் பேச்சுகளின் மூன்றாம் தரப்பும்

2002 ஆம் ஆண்டு செப்டெம்பர் 16 ஆம் திகதி தாய்லாந்தின் சத்தஹிப் கடற்படைத் தளத்தில் இலங்கை அரசாங்கமும் தமிழீழ விடுதலைப் புலிகளும் நோர்வேயின் அனுசரணையுடன் முதற்சுற்றுப் பேச்சில் அமர்ந்தன. உலகச் செய்தி நிறுவனங்களின் கமராக்கள் அனைத்தும் அந்த மண்டபத்தை நோக்கித் திரும்பியிருந்தன. சரியாக இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், இதே திகதியில், ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் தாபகத் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் கொழும்பிலிருந்து அம்பாறை நோக்கிப் பறந்துகொண்டிருந்த ஹெலிக்கொப்டர் அரநாயக்க பகுதியின் ஊரகந்த மலையில் விழுந்து நொறுங்கியதில் உயிரிழந்தார். பேச்சுக்குத் திகதி குறித்தவர்கள் இந்த ஒற்றுமையைக் கவனித்திருக்கமாட்டார்கள். ஆனால் கல்முனைக் கரையோரத்து மக்கள் கவனித்தார்கள். தம்மைத் தனித் தரப்பாக அமரவைக்க ஒரு மனிதர் ஆயுட்காலம் முழுவதும் வாதாடியதும், அந்த ஆசனம் இல்லாமலே பேச்சு ஆரம்பமானதும் அவர்களுக்கு ஒரே செய்தியாகவே பட்டன.

அஷ்ரப் மறைந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அவரைத் தெய்வமாக்கிய தலைமுறையும் அவரைத் தூற்றிய தலைமுறையும் மூப்படைந்துவிட்டன. உள்நாட்டுப் போர்களில் வெளிநாடுகள் தலையிட்டுச் சமாதானம் செய்யப் புறப்படும்போது, துப்பாக்கி ஏந்தாத ஒரு மக்கள் கூட்டத்துக்கு அங்கு என்ன இடம் என்ற கேள்வியை அவருடைய வாழ்க்கையைப் போலத் தெளிவாக எடுத்துக்காட்டும் வேறொரு வாழ்க்கை இந்நாட்டில் இல்லை என்பது எமது எண்ணம். அதனாலேயே அதனை இங்கு சற்று விரிவாக நோக்குகின்றோம்.

1948 ஒக்டோபர் 23 ஆம் திகதி சம்மாந்துறையில் பிறந்த முகம்மது ஹுசைன் முகம்மது அஷ்ரப் வளர்ந்தது கல்முனையில். மெதடிஸ்த மிஷனரிமார் வழிவந்த கல்முனை உவெஸ்லி உயர்தரப் பாடசாலையில் கற்றார். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்ந்து கற்ற காலம் அது. அந்தக் கரையோரத்தின் அமைப்பை அறியாதவர்களுக்கு அஷ்ரப்பின் அரசியலும் விளங்காது. வடக்கிலிருந்து தெற்கு நோக்கிப் பிரதான வீதியில் வருபவர் மருதமுனையைக் கடந்தால் பாண்டிருப்பு, பாண்டிருப்பைக் கடந்தால் கல்முனை, பின்னர் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று போய்க்கொண்டேயிருப்பார். முஸ்லிம் ஊர் முடியுமிடத்தில் தமிழ் ஊர் தொடங்கும். தமிழ் ஊர் முடியுமிடத்தில் மீண்டும் முஸ்லிம் ஊர். ஒரு மதிலுக்கு இப்பால் பள்ளிவாசலும் அப்பால் கோயிலும் இருக்கும். கிழக்கே கடல், மேற்கே வயல். வயல்களுக்கு அப்பால், 1949 இல் ஆரம்பமான கல்லோயாத் திட்டத்தின் வழியே குடியேற்றப்பட்ட சிங்கள விவசாயிகளின் கிராமங்கள். மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது கச்சேரி அந்தப் புதிய நகரத்துக்குப் போயிற்று. காணி உறுதிக்கும் வயற்காணி வழக்குக்கும் கரையோரத்தான் தனக்குத் தெரியாத மொழியில் அலுவல் நடக்கும் அலுவலகத்தில் காத்து நிற்கவேண்டியவனானான். அஷ்ரப் பின்னர் கரையோர மாவட்டம் கேட்டதற்கு வேர் இங்கேதான் இருக்கின்றது.

சட்டக் கல்லூரியில் கற்றுச் சட்டத்தரணியான அவர் கல்முனையில் தொழில் செய்தார். கவிதையும் எழுதினார். மேடையில் அவருக்கு வாய்த்த நாவன்மைக்கு அந்தத் தமிழ்ப் பயிற்சி ஒரு காரணம். அரசியலில் அவர் முதலிற் கால்வைத்தது தமிழர் விடுதலைக் கூட்டணியின் மேடைகளில் என்பதை இன்றைய இளைஞர்களிற் பலர் அறியமாட்டார்கள். 1977 பொதுத் தேர்தலில் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி கூட்டணியுடன் இணங்கிப் போட்டியிட்டபோது, தந்தை செல்வநாயகத்தின் வழிவந்த தமிழ்த் தலைமையுடன் கைகோத்துச் செல்வதில் முஸ்லிம்களுக்கும் பாதுகாப்பு உண்டு என்று அவர் நம்பினார். கூட்டணியின் முஸ்லிம் வேட்பாளர்கள் தோற்றார்கள். கல்முனைத் தொகுதியை ஐக்கிய தேசியக் கட்சி வென்றது. தமிழ் வாக்காளர் தமிழர்களைத் தெரிவுசெய்து அனுப்பிய அதே சின்னத்தில் முஸ்லிம் எவரும் பாராளுமன்றம் போக முடியவில்லை. முஸ்லிம் வாக்காளர் அந்தக் கொள்கையை ஏற்கவில்லை என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாம். எண்ணிக்கையிற் சிறிய பங்காளிக்குக் கூட்டில் இடமில்லை என்றும் பொருள் கொள்ளலாம். அஷ்ரப் காலப்போக்கில் இரண்டாவது பொருளையே எடுத்துக்கொண்டார்.

1981 இல் காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் ஓர் அமைப்பாகத் தோன்றியது. அப்போது அது தேர்தற் கட்சியன்று. 1985 ஏப்ரலில் காரைதீவிலும் சூழவுள்ள ஊர்களிலும் தமிழ்-முஸ்லிம் கலவரம் மூண்டது. அதன் பின்னணியில் அரச படைகளின் கையும் இருந்தது என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. அந்தக் கலவரத்தின் பின் அஷ்ரப் கொழும்புக்குப் பெயர்ந்தார். 1986 நவம்பரில் கொழும்பில் முஸ்லிம் காங்கிரஸ் அரசியற் கட்சியாக உருமாறியது, அவர் தலைவரானார். இரண்டு பெரிய தேசியக் கட்சிகளுக்குள் அமைச்சர் பதவி பெற்று, சமூகத்துக்கு வேண்டியதைக் காதோடு காதாகக் கேட்டுப் பெறுவதே கொழும்பு, கண்டி முஸ்லிம் பிரமுகர்களின் நீண்டகால வழி. அந்த வழி தெற்கின் வர்த்தகருக்குப் பொருந்தியது. கிழக்கின் விவசாயிக்கும் மீனவருக்கும் அதனால் என்ன பயன் என்பதை 1987 காட்டிவிட்டது.

அந்த ஆண்டு ஜூலை 29 ஆம் திகதி ஜே.ஆர். ஜயவர்தனவும் ராஜீவ் காந்தியும் கொழும்பில் கைச்சாத்திட்ட உடன்படிக்கை, இந்நாட்டின் உள்நாட்டுப் போரில் ஒரு வெளிநாடு நேரடியாகத் தலையிட்டுச் செய்த முதலாவது சமாதான ஏற்பாடு. அதன் முகவுரை இலங்கையைச் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் ஆகியோர் வாழும் பல்லின நாடு என்று ஏற்றுக்கொண்டது. அந்த அளவில் அது பாராட்டுக்குரியது. ஆனால் அதே ஆவணம் வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்தது. 1981 குடிசன மதிப்பீட்டின்படி கிழக்கு மாகாணத்தில் முஸ்லிம்கள் சுமார் 32 வீதம். இணைந்த வடகிழக்கில் அவர்கள் சுமார் 17 வீதமாகச் சுருங்கினார்கள். மூன்றில் ஒரு பங்கினராக உறங்கச் சென்றவர்கள் ஆறில் ஒரு பங்கினராகக் கண்விழித்தார்கள் என்றால் மிகையன்று. இதுபற்றி அவர்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போது நாட்டின் வெளிநாட்டமைச்சராக இருந்தவர் ஏ.சி.எஸ். ஹமீத், ஒரு முஸ்லிம். வெளிநாட்டமைச்சர் முஸ்லிமாக இருந்தும் கிழக்கு முஸ்லிமின் தலைவிதி அவனைக் கேளாமலே எழுதப்பட்டது. பழைய பிரமுகர் அரசியலின் தோல்விக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. முஸ்லிம் காங்கிரஸை ஒரு மக்கள் இயக்கமாக்கியது அஷ்ரப்பின் பேச்சாற்றல் மட்டுமன்று, இந்த உடன்படிக்கையுமாகும்.

உடன்படிக்கையைக் கடுமையாகக் கண்டித்த அஷ்ரப், அது உருவாக்கிய மாகாண சபையைப் பகிஷ்கரிக்கவில்லை. இதுதான் அவரை மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்துகின்றது. 1988 நவம்பரில் வடகிழக்கு மாகாண சபைத் தேர்தல் வந்தபோது புலிகள் அதனை எதிர்த்தார்கள். வடக்கில் போட்டியே நடக்கவில்லை. கிழக்கில் மரச் சின்னத்தில் நின்ற முஸ்லிம் காங்கிரஸ், உயிராபத்துக்கு நடுவே வாக்குக் கேட்டு, அங்குள்ள 35 ஆசனங்களில் 17 ஐப் பெற்றது. 71 பேர் கொண்ட சபையில் ஈ.பி.ஆர்.எல்.எப். 41 ஆசனங்களுடன் ஆட்சியமைக்க, முஸ்லிம் காங்கிரஸ் பிரதான எதிர்க்கட்சியாயிற்று. நிராகரிக்கப்பட்ட ஒரு நிறுவனத்துக்குள் நுழைந்து, அங்கிருந்தே அதன் நியாயத்தைக் கேள்விக்குட்படுத்துவது அவர் கண்ட உபாயம். இந்தியப் படை 1990 மார்ச்சில் வெளியேறியதுடன் அந்தச் சபையும் சரிந்தது. ஆயினும் கிழக்கு முஸ்லிம்களுக்காகப் பேசுபவர் யார் என்ற வினாவுக்கு வாக்குப் பெட்டி ஒரு விடை சொல்லிவிட்டது. துப்பாக்கியால் தம்மைப் பிரதிநிதிகளாக்கிக்கொண்டவர்கள் நிறைந்திருந்த களத்தில், அந்த விடையின் மதிப்பை நாம் குறைத்து எண்ணக்கூடாது.

இதே 1988 இல் புலிகளின் பிரதிநிதிகளும் கலாநிதி பதியுதீன் மஹ்மூத் தலைமையிலான முஸ்லிம் குழுவினரும் சென்னையில் ஓர் இணக்கப்பாட்டுக்கு வந்தார்கள். கடதாசியில் அது முஸ்லிம்களுக்குப் பங்கு உறுதி செய்தது. கடதாசியை விட்டு அது வெளியே வரவில்லை.

அஷ்ரப் பெற்றுத் தந்தவற்றுள் அதிகம் பேசப்படாதது வேறொன்று. 1978 யாப்பின் விகிதாசார முறையில், ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு வாக்கு, அதாவது 12.5 வீதம் பெறாத கட்சிக்கு அங்கு ஆசனம் கிடையாது. சிதறி வாழும் சிறுபான்மையினருக்கு அது மூடிய கதவு. 1988 டிசெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் ரணசிங்க பிரேமதாசவுக்கு ஆதரவளிப்பதற்கு அஷ்ரப் கேட்ட விலை அமைச்சர் பதவியன்று. அந்த வெட்டுப்புள்ளியை 5 வீதமாகக் குறைப்பது. வாக்களிப்புக்கு முன்னரே 15 ஆவது திருத்தம் நிறைவேறியது. மலையகக் கட்சிகளும் இடதுசாரிகளும் பிற்காலத்தில் பாராளுமன்றத்தில் கண்ட ஆசனங்களிற் பல இந்தத் திருத்தத்துக்குக் கடமைப்பட்டவை. பேரம் பேசுதல் என்ற சொல்லுக்கு இந்நாட்டு அரசியலில் நல்ல மணம் கிடையாது. ஆனால் இந்தப் பேரத்தைப் போலப் பலருக்கும் பயன்பட்ட பேரம் அரிது. 1989 பெப்ரவரிப் பொதுத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் நான்கு ஆசனங்கள் பெற, அஷ்ரப் திகாமடுல்ல மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் புகுந்தார்.

1990 அவருக்கும் அவர் மக்களுக்கும் கொடிய ஆண்டு. ஜூனில் புலிகளுக்கும் அரசுக்கும் மீண்டும் போர் மூண்டது. ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களிற் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். ஒக்டோபர் இறுதியில் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரும், சுமார் எழுபத்தையாயிரம் பேர், புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் மணித்தியாலக் கணக்கில்தான். இதே காலத்தில் அம்பாறைக் கரையோரத் தமிழரும் பெருந்துயருக்கு ஆளாகினர். ஓகஸ்ட் 12 ஆம் திகதி சம்மாந்துறைக்கு அண்மையிலுள்ள வீரமுனையில் கோயிலிற் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டதில் முஸ்லிம் ஊர்காவற் படையினர் சம்பந்தப்பட்டனர். ஒரு பக்கத்து மரணங்களை மட்டும் எண்ணுபவர்களால் அந்தக் கரையோரத்தின் வரலாற்றை எழுத முடியாது.

அவ்வேளையில் முஸ்லிம் இளைஞர் ஆயுதம் ஏந்தி இன்னொரு இயக்கமாகியிருந்தால் அதிசயமில்லை. கோபமும் இருந்தது, ஆயுதம் கொடுப்பதற்கு ஆட்களும் இருந்தார்கள். அந்தக் கோபத்தைக் கட்சிக்குள்ளும் வாக்குக்குள்ளும் இழுத்து வைத்திருந்தவர் அஷ்ரப். பிற்காலத்தில் இதற்கே அவருடைய சமூகம் ஒரு விலை கொடுக்கவேண்டி வந்தது என்பதைப் பின்னர் காண்போம்.

1991 முதல் 1993 வரை மங்கள முனசிங்க தலைமையில் கூடிய பாராளுமன்றத் தெரிவுக்குழுவின் காலத்தில் அவருடைய அரசியற் கோரிக்கை முழு வடிவம் பெற்றது. வடக்கும் கிழக்கும் இணைந்திருப்பதாயின், அதற்குள் முஸ்லிம் பெரும்பான்மைப் பிரதேசங்களைக் கொண்ட ஒரு தனி அலகு வேண்டும். கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் ஆகிய தேர்தல் தொகுதிகள் அதன் தளமாகவும், நிலத்தொடர்பற்ற ஏனைய முஸ்லிம் பகுதிகள் அதன் உறுப்புகளாகவும் அமையும். நிலத்தொடர்பில்லாமல் ஒரு மாகாணமா என்று பலர் நகைத்தார்கள். அவர் பாண்டிச்சேரியைக் காட்டினார். பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற அந்த ஒன்றியப் பிரதேசத்தில் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழகத்துக் கரையில் இருக்க, மாஹே கேரளக் கரையிலும் ஏனாம் ஆந்திரத்திலும் உள்ளன. தென்னிந்தியாவின் மூன்று மாநிலங்களுக்கு ஊடே சிதறிக்கிடக்கும் நான்கு துண்டுகள் ஒரே சட்டமன்றத்தின் கீழ் இயங்குமாயின், மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடையே அது ஏன் இயலாது என்பது அவருடைய வாதம்.

அறிவுக்கூர்மையுள்ள வாதம்தான். ஆனால் அதிலும் ஓர் இடைவெளி இருந்ததை நாம் சொல்லவேண்டும். வடகிழக்கில் முஸ்லிம்கள் எந்த நிலையில் இருப்பார்களோ, அதே நிலையில் அந்த முஸ்லிம் அலகுக்குள் காரைதீவுத் தமிழரும் பாண்டிருப்புத் தமிழரும் இருப்பார்கள். அவர்களுக்கு என்ன ஏற்பாடு என்ற வினாவுக்குக் கட்சியின் விடை எப்போதும் பொதுவான உறுதிமொழியாகவே இருந்தது.

1994 ஓகஸ்டில் அவருடைய செல்வாக்கு உச்சத்தைத் தொட்டது. சந்திரிகா குமாரதுங்கவின் பொதுஜன ஐக்கிய முன்னணி 105 ஆசனங்கள் பெற்றது. ஆட்சிக்கு வேண்டியது 113. முஸ்லிம் காங்கிரஸின் ஏழும் மலையகத்தின் ஒன்றும் சேர்ந்து அந்தக் கணக்கைச் சரியாக நிறைவு செய்தன. அஷ்ரப் கப்பற்றுறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு, புனரமைப்பு அமைச்சரானார். கரையோர இளைஞர் பலர் துறைமுகத்தில் வேலை பெற்றார்கள். அதில் ஊர்ப்பற்றும் கட்சிப்பற்றும் மிகுதியாக இருந்தன என்று எதிராளிகள் குற்றம் சாட்டினார்கள். அந்தக் குற்றச்சாட்டில் உண்மையில்லை என்று கூறமுடியாது. 1995 ஒக்டோபர் 23 ஆம் திகதி, அவருடைய பிறந்த நாளில், அட்டாளைச்சேனையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பமாயிற்று. போர் காரணமாக யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் கல்வியைத் தொடர முடியாமற்போன மாணவர்களுக்காகத் தோன்றிய அது, அடுத்த ஆண்டு மே மாதம் முழுப் பல்கலைக்கழகமாகி ஒலுவிலிற் காலூன்றியது. பல வாக்குறுதிகள் அவருடன் மறைந்தன; இது மறையவில்லை.

இந்தச் செல்வாக்கின் உச்சத்திலும் ஒரு கதவு திறக்கவில்லை. 1994 ஒக்டோபரில் புலிகளுடன் பேச யாழ்ப்பாணம் சென்ற அரசாங்கத்தின் நால்வர் குழுவில் முஸ்லிம் எவரும் இல்லை. ஆட்சியை நிலைநிறுத்தும் ஏழு கரங்கள் அவரிடம் இருந்தன. பேச்சு மேசையில் ஒரு கரத்தைக்கூட வைக்க முடியவில்லை. அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பு, போரின் காலத்தில், அவரை இறுக்கியது. சமாதானத்துக்கான யுத்தம் என்று அரசு பெயரிட்ட போரை நடத்திய அமைச்சரவையில் அவர் இருந்தார் என்பதைத் தமிழர் பலர் மன்னிக்கவில்லை. மறுபுறத்தில், தீகவாபிப் புனித பூமியின் காணி விவகாரத்தில் பௌத்த பிக்குகள் அவரை எதிர்த்தார்கள். கங்கொடவில சோம தேரருடன் தொலைக்காட்சியில் அவர் நேருக்கு நேர் நடத்திய விவாதத்தை அன்று நாடே பார்த்தது. இரு பெரும் தேசியவாதங்களுக்கும் இடையே நின்றவர் இரண்டிடமிருந்தும் அடி வாங்கினார்.

யாப்புச் சீர்திருத்தத்தில் அவருடைய முத்திரை பதிந்தது. 1997 ஒக்டோபரில் வெளிவந்த தீர்வுப்பொதியில் கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் தொகுதிகளைக் கொண்ட தென்கிழக்குப் பிராந்தியம் இடம்பெற்றது. 1999 இல் அவர் தேசிய ஐக்கிய முன்னணி என்ற புதிய கட்சியை, மக்கள் வழக்கில் நுஆவை, அமைத்து 2012 ஆம் ஆண்டுக்குள் இன ஐக்கியம் என்று இலக்கு வைத்தார். முஸ்லிம் கட்சியின் தாபகர் இனம் கடந்த கட்சிக்கு வந்ததைச் சிலர் தந்திரம் என்றார்கள். தன் சமூகத்தின் அரண் எவ்வளவு உயர்ந்தாலும் அதற்குள் இருந்தபடியே அயலவனுடன் வாழமுடியாது என்று அவர் உணர்ந்ததாகவே நாம் கருதுகின்றோம். அதே ஆண்டு வெளிவந்த அவருடைய கவிதைத் தொகுதியின் பெயர் நான் எனும் நீ.

2000 ஆம் ஆண்டின் முற்பகுதியில் நோர்வேயின் அனுசரணை பகிரங்கமானது. எரிக் சொல்ஹெய்ம் விசேட தூதுவராக நியமிக்கப்பட்டார். ஓகஸ்ட் 3 ஆம் திகதி புதிய யாப்பு மசோதா பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டபோது எதிர்க்கட்சியினர் அதன் பிரதியை அவையிலேயே கொளுத்தினார்கள். ஒக்டோபர் 10 ஆம் திகதிக்குத் தேர்தல் குறிக்கப்பட்டது. அந்தத் தேர்தலின் பிரசார காலத்திலேயே ஊரகந்த விபத்து நேர்ந்தது. அவருக்கு வயது 51. உடன் பயணித்த எவரும் பிழைக்கவில்லை. விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. மக்களின் ஐயம் அதனால் தீரவில்லை.

அவர் கண்மூடிய பின்னரே அவர் எழுப்பிய கேள்விக்கு முழுப் பரீட்சை வந்தது. 2002 பெப்ரவரி 23 ஆம் திகதி செயலுக்கு வந்த யுத்தநிறுத்த உடன்படிக்கையின் முகவுரை, மோதலில் நேரடிப் பங்கில்லாத முஸ்லிம்களும் அதன் விளைவுகளை அனுபவிக்கின்றனர் என்று கூறியது. அனுதாபம் உண்டு, ஆசனம் இல்லை. உடன்படிக்கையின் இயங்குமுறையில் இது இன்னும் தெளிவு. நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாட்டவரைக் கொண்ட கண்காணிப்புக் குழுவின் கீழ் மாவட்டந்தோறும் ஐவர் கொண்ட உள்ளூர்க் குழு இருந்தது: அரசு நியமிப்பவர் இருவர், புலிகள் நியமிப்பவர் இருவர், வெளிநாட்டுக் கண்காணிப்பாளர் ஒருவர். முஸ்லிம்கள் பெரிய இனமாக வாழும் அம்பாறை மாவட்டத்துக்கும் இதே வாய்ப்பாடுதான். தன் வயலுக்குப் போகமுடியாத அக்கரைப்பற்று விவசாயி, தன்னைத் தடுத்தவர்கள் நியமித்த இருவர் அமர்ந்திருக்கும் குழுவிடமே முறையிடவேண்டும். அவனுடைய சமூகம் நியமித்தவர் என்று அங்கு ஒருவரும் இல்லை. அந்த ஜூனில் மூதூரிலும் வாழைச்சேனையிலும் வன்முறை வெடித்தபோது இந்தக் குறை வெளிப்படையாயிற்று.

நோர்வேயின் தரப்பில் ஒரு நியாயம் இல்லாமலில்லை. போரை நிறுத்தக்கூடியவர்கள் எவரோ அவர்களுடன் பேசுவதே அனுசரணையாளரின் முதற் கடமை. இரு தரப்பும் அழைத்ததால் வந்தவர், அவர்கள் விரும்பாத மூன்றாவது விருந்தாளியைக் கூட்டிச்செல்ல இயலாது. ஆனால் இந்தத் தர்க்கம் எங்கே கொண்டுபோய் விடுகின்றது? முஸ்லிம்களிடம் ஒரு படை இருந்திருந்தால் அவர்களும் ஒரு தரப்பு. இல்லாததால் அவர்கள் ஒரு பிரச்சினை. வாக்கை நம்பச் சொன்ன தலைவரைப் பின்பற்றிய சமூகத்துக்கு, துப்பாக்கியை நம்பியிருக்கலாமே என்று சர்வதேசச் சமூகம் வாய்திறவாமலே சொன்னதாக அந்த இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். முன்னர் நாம் குறிப்பிட்ட விலை இதுவே.

வேறு வழி இருக்கவில்லையா என்று கேட்பவர்கள் வட அயர்லாந்தைப் பார்க்கலாம். அங்கு 1996 மே மாதம் பேச்சுக்கான பிரதிநிதிகளைத் தெரிவுசெய்யவே ஒரு தேர்தல் நடத்தப்பட்டது. அதிக வாக்குப் பெற்ற பத்துக் கட்சிகளுக்கும் மேசையில் இடம் என்பது விதி. சுமார் ஒரு வீத வாக்கு மட்டுமே பெற்ற மகளிர் கூட்டணியும் அந்த விதியால் உள்ளே வந்தது. அமெரிக்கரான ஜோர்ஜ் மிச்செல் தலைமை வகித்த பேச்சின் முடிவாக 1998 இல் உடன்படிக்கை பிறந்தபோது, துப்பாக்கி ஏந்தியவர்களின் அரசியற் பிரிவுகளும் ஏந்தாத சிறு கட்சிகளும் அதற்குப் பொறுப்பேற்றன. பிலிப்பைன்ஸின் மிண்டனாவோவில் நிலைமை எமது நாட்டுக்கு அண்மையானது. அங்கு முஸ்லிம் இயக்கங்களுடன் அரசு பேச, அதே மண்ணின் லுமாட் பழங்குடியினர் தம்மைக் கேட்கவில்லையே என்று நெடுங்காலம் முறையிட்டார்கள். யார் சிறுபான்மை என்பது மாறலாம். வெளியே நிற்பவரின் முறைப்பாடு மாறுவதில்லை.

கிழக்கு முஸ்லிம்களின் பலவீனத்துக்கு நோர்வேயை மட்டும் நோவது நேர்மையாகாது. அஷ்ரப் தமக்குப் பின் எவர் என்று ஏற்பாடு செய்யவில்லை. கட்சியில் அவருடைய சொல்லே சட்டமாக இருந்தது. அவர் போனதும் சட்டமும் போயிற்று. ரவூப் ஹக்கீம், திருமதி பேரியல் அஷ்ரப், ஏ.எல்.எம். அதாவுல்லா என்று தலைமை கிளை பிரிந்தது. தனித்தரப்பு வேண்டும் என்று அனைவரும் ஒரே குரலிற் கேட்டார்கள். அத்தரப்பின் தலைவர் யார் என்பதில் ஒரே குரல் இருக்கவில்லை. 2002 ஏப்ரல் 13 ஆம் திகதி கிளிநொச்சியில் பிரபாகரனும் ஹக்கீமும் கைச்சாத்திட்ட புரிந்துணர்வு ஆவணம், வெளியேற்றப்பட்டோர் மீளத் திரும்புவதையும் கப்பம் அறவிடுவதை நிறுத்துவதையும் பேசியது. களத்தில் அது நீடித்து நடைமுறையாகவில்லை. சத்தஹிப்பில் ஹக்கீம் அமர்ந்தார், ஆனால் அரச தூதுக்குழுவின் உறுப்பினராக. தனித் தூதுக்குழு பற்றிக் கிடைத்ததெல்லாம் உரிய காலத்தில் அழைப்போம் என்ற வாக்குத்தான். 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகியதுடன் அந்த உரிய காலமும் வராமற்போயிற்று.

அதற்கு முன்னதாக, 2003 ஜனவரி 29 ஆம் திகதி, ஒலுவில் பல்கலைக்கழகத்தில் மாணவர் முன்னின்று பெருந்திரளான மக்கள் கூடி, முஸ்லிம்கள் ஒரு தனித் தேசிய இனம், அவர்களுக்கும் சுயநிர்ணய உரிமை உண்டு என்று பிரகடனம் செய்தார்கள். அஷ்ரப் கட்டிய வளாகத்தில், அவர் சொல்லத் துணியாத சொற்களை அவருடைய பிள்ளைகள் சொன்னார்கள்.

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. நாட்டில் ஆகக் கூடிய உயிரிழப்பு இங்கேதான். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களில் கடலோர வீதிகள் இருந்த இடமே தெரியவில்லை. உதவி வழங்கும் நாடுகள் வற்புறுத்த, 2005 ஜூன் 24 ஆம் திகதி அரசும் புலிகளும் நிவாரணப் பகிர்வுக்கான பொதுக் கட்டமைப்பில் ஒப்பமிட்டன. இம்முறை உயர்மட்டக் குழுவில் முஸ்லிம் ஒருவருக்கும் பிராந்தியக் குழுவின் பத்துப் பேரில் மூவருக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆயினும் ஒப்பமிட்டவர்களில் முஸ்லிம் தரப்பு இல்லை. 1987 இலிருந்து பதினெட்டு ஆண்டுகள் கடந்து பெற்ற முன்னேற்றம், பங்கு உண்டு, கையெழுத்து இல்லை என்பதே. சில வாரங்களில் உயர்நீதிமன்றம் அக்கட்டமைப்பின் முக்கிய ஏற்பாடுகளுக்கு இடைக்காலத் தடை விதிக்க, அதுவும் முடிந்தது. 2006 ஒக்டோபரில் அதே நீதிமன்றம் வடகிழக்கு இணைப்பு செல்லாது என்றது. 2009 மேயில் போர் ஓய்ந்தபோது பேச்சு மேசையே இல்லை.

கிழக்கு தனி மாகாணமானது. அதில் முஸ்லிம் முதலமைச்சர்களும் பதவி வகித்தார்கள். 2017 இல் மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்த பின் தேர்தல் நடத்தப்படாமலே ஆண்டுகள் கழிந்தன. அஷ்ரப் கனவு கண்ட ஒலுவில் துறைமுகம் டென்மார்க்கின் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013 இல் திறக்கப்பட்டது. வாயில் மணல் சேர்ந்தது; வடக்கே கரையைக் கடல் அரித்தது; தென்னந்தோப்புகளை இழந்த ஒலுவில், நிந்தவூர் மக்கள் இழப்பீடு கேட்டு நின்றார்கள். கரையோர மாவட்டம் கோரிக்கையாகவே தங்கிவிட்டது.

கல்முனையில் அவர் பெயர் தாங்கிய ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கின்றது. அதே நகரில் தமிழர்கள், கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தித் தமக்கெனத் தனி நிருவாகம் தரவேண்டும் என்று பல தசாப்தங்களாகக் கேட்டுவருகின்றார்கள். 2019 ஜூனில் அதற்காக உண்ணாவிரதம் இருந்தார்கள்; முஸ்லிம்கள் எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். எண்ணிக்கையிற் சிறியவர்களான எம்மை இன்னொருவரின் அலகுக்குள் கேளாமற் சேர்க்காதீர்கள் என்பதே அந்தத் தமிழர்களின் வாதம். 1987 இல் அஷ்ரப் டில்லிக்கும் கொழும்புக்கும் எதிராக வைத்த வாதமும் அதுவே. இம்முறை அதனைக் கேட்கவேண்டியவர்கள் ஒஸ்லோவிலும் இல்லை, டில்லியிலும் இல்லை. ஒரே வீதியின் இரு மருங்கிலும் இருக்கின்றார்கள்.